மாமாவின் கார் ஏன் பாய்ந்தது?

கார் தானாகத்தான் பாய்ந்தது என்பது மாமாவின் பேச்சு. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார் என்பது வீட்டில் மற்ற எல்லோருடைய பேச்சு. சிங்கப்பூரின் ஈசூனில் மாமா குடியிருக்கும் புளோக்கை ஒட்டிய பலமாடி கார் நிறுத்துமிடத்தில், ரிவர்ஸ் எடுத்து லாட்டுக்குள் நுழையும்போது நடந்தது. பின்சக்கரம் கான்கிரீட் தடுப்புக் கட்டையைத் தாண்டி ஏறி, கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றது. பின் பம்பர் பிளந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை.

பம்பரை மாற்றிய பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "எரர் கோட் எதுவும் இல்லை, வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு வழக்கு முடிந்தது போல மாமாவின் மகள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல ஆரம்பித்தாள். மாமா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ மெஷின் வேலை பாக்கிறவன். நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு. தப்பு என் மேலன்னா நான் ஒத்துக்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே காரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருப்பவன். கோட் இல்லை என்பதால் பழுதே இல்லை என்று எங்கள் தளத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கார் 1600 சிசி ஜப்பானிய ஆட்டோ வண்டி. கார் வைத்திருக்க அரசு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் சான்றிதழான சிஓஇ-யைப் புதுப்பித்து ஓட்டுகிறார், அதனால் வயதான வண்டி. ஆக்சிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பி கேபிள்தான். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது இடம் கொடுத்தார், கூடவே நின்று உதவவும் செய்தார்.

முதலில் கால் வைக்கும் இடம். எதையும் நகர்த்துவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். காரோடு வந்த கார்ப்பெட் விரிப்பின் மேல், மழைக்காலத்துக்கென்று வாங்கிய தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. அதற்குக் கொக்கி எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தினால் அதன் நுனி மிதியின் அடியில் போய்ச் சிக்கியது. கையை எடுத்த பிறகும் மிதி பாதியிலேயே நின்றது. இது சின்ன விஷயம் இல்லை. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே லெக்சஸ் இஎஸ் 350 ஒன்று வேகம் அடங்காமல் போய் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, கார் ஓட்டத் தெரியாதவர் அல்ல. வேறொரு மாடலுக்கான ரப்பர் விரிப்பை அந்தக் காரில் போட்டிருந்தார்கள், அது மிதியைப் பிடித்துக்கொண்டது என்றுதான் விசாரணையில் வந்தது. டொயோட்டா இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு அதுவே தொடக்கம்.

ஆனாலும் மாமாவின் விபத்துக்கு விரிப்பைக் காரணமாக்க முடியவில்லை. மிதியைத் தரைவரை அழுத்தினால்தான் அது சிக்குகிறது. லாட்டுக்குள் ரிவர்ஸ் எடுப்பவர் முதலிலேயே அவ்வளவு மிதிக்க மாட்டார். விரிப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

விரிப்பை எடுக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. குதிகால் பட்டுத் தேய்ந்த தடம். அது நேராக ஆக்சிலரேட்டருக்கு முன்னால் இருந்தது. மாமா குதிகாலை அங்கேயே ஊன்றிக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை மட்டும் இடப்பக்கம் திருப்பி பிரேக்கை அழுத்துகிறார். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன், அப்போது எதுவும் சொல்லவில்லை.

கேபிளை, எஞ்சினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டில் பக்கம் கழற்றி, கையால் இழுத்து விட்டுப் பார்த்தேன். உறைக்குள் எங்கும் உரசவில்லை, இழை பிரியவில்லை, விட்டவுடன் திரும்பியது. த்ராட்டில் தகட்டைச் சுற்றி மட்டும் கார்பன் கறுப்பு வளையமாகப் படிந்திருந்தது. இப்படிப் படிந்தால் தகடு மூடிய நிலையில் லேசாக ஒட்டிக்கொள்ளும். மெதுவாக மிதித்தால் அசையாது, கொஞ்சம் கூட்டி மிதித்ததும் 'டக்'கென்று விடுபட்டு வண்டி ஒரு குதி குதிக்கும். ஓட்டுபவர் கேட்டதைவிட அதிகமாக எஞ்சின் கொடுக்கும் நிலை இது. ஸ்ப்ரேயும் துணியும் போட்டுத் துடைத்தோம்.

பிறகு எஞ்சின் மவுண்ட். கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் சாயும், சாயும்போது கேபிளைத் தானே இழுத்துக்கொள்ளலாம். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 இலட்சம் செவ்ரோலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். மவுண்ட் பிரிந்து எஞ்சின் மேலே தூக்கி, த்ராட்டிலைத் திறந்துவிட்டது. மாமாவின் காரில் நண்பர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸுக்கும் டி-க்கும் மாற்றி மாற்றிப் போட, நான் பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் முன்னும் பின்னும் நன்றாகவே ஆடியது. பின்பக்க மவுண்டில் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. ஆனால் கேபிளில் இருந்த தளர்வு அந்த ஆட்டத்துக்குப் போதுமானது, த்ராட்டில் அசையவில்லை. மவுண்டை மாற்ற வேண்டும், ஆனால் குற்றவாளி இது இல்லை.

இதுவரை எல்லாமே எஞ்சின் ஆறியிருந்தபோது செய்தவை. மாமாவின் விபத்து வேலை முடிந்து பிஐஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து வந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது. அதே நிலையைக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பானட்டை மூடி, ஏர்கானைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸில் நிறுத்தினோம். எஞ்சின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 750 சுற்று. கம்ப்ரசர் நின்றது, மறுபடி ஓடியது. முள் லேசாக இறங்கி ஏறியது. அப்படியே காத்திருந்தோம். இந்த வேலையில் பாதி காத்திருப்புதான். பிறகொரு தடவை கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய அதே நொடியில் முள் 1,700 வரை எகிறியது. சில நொடிகள் அங்கேயே நின்றுவிட்டு இறங்கியது. பிரேக்கில் இருந்த நண்பரின் கால் தானாக இறுகியது. "இதுதான்டா" என்றார்.

750-லிருந்து 1,700 என்பது கேட்க எஞ்சின் கொஞ்சம் இரைவது போலத்தான் இருக்கும். ஆனால் ஆட்டோ கியர் வண்டியில் எஞ்சினின் விசையை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது டார்க் கன்வர்ட்டர். வண்டி நிற்கும்போது அது தள்ளும் விசை எஞ்சின் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இங்கே இரண்டு மடங்குக்கும் மேல், ஆகவே ஏறத்தாழ ஐந்து மடங்கு. வழக்கமாக வண்டி ஊர்வதைப் பிடித்து வைக்க மாமாவின் கால் எவ்வளவு அழுத்தப் பழகியிருந்ததோ, அந்த அழுத்தம் அந்த நொடியில் போதாது. காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தும் வண்டி நகரும். "பிரேக்கிலதான் கால் வச்சிருந்தேன்" என்று அவர் சொன்னது பொய்யில்லை.

காரணம் தேடுவது இப்போது எளிது. மிதியைத் தொடாதபோது எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க, த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் போகும் ஒரு சிறு காற்றுப்பாதை உண்டு. அதைத் திறந்து மூடுவது படிப்படியாக நகரும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஏர்கான் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் எஞ்சினுக்குச் சுமை கூடும், அதை ஈடுகட்ட, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ இந்தப் பாதையைக் கொஞ்சம் திறக்கச் சொல்லும். இந்த மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்ல எந்தச் சென்சாரும் இல்லை. இத்தனை படி போகச் சொன்னேன், போயிருக்கும் என்ற கணக்கில்தான் அது ஓடுகிறது. மோட்டார் நடுவில் படிகளைத் தவறவிட்டால் கணக்கு ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம். கோட் எப்படி வரும்?

மோட்டாரைக் கழற்றினோம். த்ராட்டில் பாடியின் அடியில் இருப்பதால் கூலன்ட் ஹோஸ்களை விலக்கித்தான் எடுக்க வேண்டும். கேஸ்கட் ஓரத்தில் கூலன்ட் கசிந்து காய்ந்த பச்சைப் பொருக்கு இருந்தது. வால்வு நுனியில் கார்பன். மல்டிமீட்டரை வைத்து மோட்டாருக்குள் இருக்கும் நான்கு கம்பிச் சுருள்களின் மின்தடையையும் அளந்தேன். இந்த ரக மோட்டாரில் ஒவ்வொன்றும் 20 டிகிரியில் 28-லிருந்து 33 ஓம் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் 20 டிகிரி எங்கே கிடைக்கும்? தாமிரச் சுருளின் மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 விழுக்காடு ஏறும். அதையும் சேர்த்துப் பார்த்தால் நான்குமே சரியான அளவில்தான் இருந்தன. இங்கேயே நிறுத்தியிருந்தால் மோட்டாரும் நல்லது என்று எழுதியிருப்பேன்.

நண்பரிடம் ஷ்ரிங்க் டியூப் சுருக்கும் ஹீட் கன் இருந்தது. தூரத்தில் பிடித்து மெதுவாகச் சூடாக்கினேன், மீட்டரை ஒவ்வொரு சுருளாக மாற்றிக்கொண்டே. சூடேறச் சூடேற ஓம் அளவு ஏறிக்கொண்டு வந்தது, அது இயல்பு. மூன்று சுருள்கள் அப்படியே சீராக ஏறின. நான்காவது திடீரென்று எல்லையைத் தாண்டி ஓப்பன் சர்க்யூட் காட்டியது. ஆற விட்டதும் மறுபடி 32 ஓம். உள்ளே எங்கோ கம்பி விரிசல் விட்டிருக்கிறது, சூட்டில் பிரிகிறது, குளிர்ந்ததும் சேர்கிறது. காரை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சோதித்த பட்டறைக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

புதிய மோட்டார், புதிய கேஸ்கட். இந்த ரகத்தில் பழைய மோட்டாரின் சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் ஈசியூவுக்குள் அதை ஓட்டும் சிப்பும் கருகியிருக்க வாய்ப்புண்டு, கருகிய ஈசியூ புதிய மோட்டாரையும் சும்மா விடாது. நம்முடையது ஓப்பன் வகை என்பதால் அந்தப் பயம் இல்லை, என்றாலும் ஈசியூவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேற்றி, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி, ஐட்லிங்கை, அதாவது மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டோம். பிறகு அதே சோதனை. சூடான எஞ்சின், ஏர்கான், ரிவர்ஸ். கம்ப்ரசர் ஓடும்போது 650-க்கு இறங்கி 800-க்கு வந்து நின்றது. நீண்ட நேரம் வைத்திருந்தும் எகிறவில்லை.

இதோடு முடித்து மாமாவிடம் நல்ல செய்தி சொல்லியிருக்கலாம். ஆனால் தடுப்புக் கட்டை தொடக்கத்திலிருந்தே என் மனதை விட்டுப் போகவில்லை. ஐந்து மடங்குத் தள்ளல் அந்தக் கட்டையை ஏறப் போதுமா?

அதனால் புதிய மோட்டாரை மாட்டுவதற்கு முன்பே, பழையதை வைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ அதே உயரத்தில் மரக்கட்டை போட்டுப் பார்த்திருந்தோம். பின்னால் ஆள் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, எஞ்சின் எகிறியபோது பிரேக்கை முழுவதும் விட்டோம். கார் போய்க் கட்டையில் இடித்தது, முனகியது, நின்றது. ஏறவில்லை. அடுத்து பிரேக்கை உறுதியாக அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் அழுத்திப் பார்த்தார் நண்பர். கார் ஓரங்குலம்கூட அசையவில்லை. இந்தச் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் செய்யக் கூடாது, கியர் ஆயில் வெந்துவிடும். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரையும் பார்த்தோம். எஞ்சினை அணைத்து மிதியைப் பலமுறை அழுத்திவிட்டு, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிதி தானே கொஞ்சம் கீழிறங்க வேண்டும். இறங்கியது. பிரேக்கில் குறையே இல்லை.

ஆகவே நடந்தது இரண்டு கட்டமாக. எஞ்சின் எகிறி வண்டி முதலில் பாய்ந்தது, அது இயந்திரத்தின் வேலை. கட்டையைத் தாண்டி ஏறியதற்கு ஆக்சிலரேட்டர் மிதிபட்டிருக்க வேண்டும். மாமா இடத்தோள் வழியாகப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு திரும்பினால் வலக்காலும் கூடவே நகரும். குதிகாலோ ஏற்கனவே ஆக்சிலரேட்டருக்கு முன்னால். திடுக்கிட்ட அந்த நொடியில் கால் முழுப் பலத்தோடு பிரேக்கைத் தேடி இறங்கியபோது, கிடைத்தது பக்கத்து மிதி. வண்டி நிற்கவில்லை என்றதும் இன்னும் அழுத்தியிருப்பார்.

இந்த முடிவுக்கு வரும்போது ஆடி கார்களின் கதைதான் நினைவில் இருந்தது. 1986-இல் ஆடி 5000 தானாகப் பாய்கிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து, 1985-இல் ஆண்டுக்கு 74,000 கார்கள் அங்கே விற்ற அந்த நிறுவனம் 1991-இல் 12,000-க்கு வந்துவிட்டது. 1989-இல் வெளிவந்த அரசு ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் மிதி மாறிப்போனதுதான் காரணம் என்றது. எல்லோரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஆடியின் ஐட்லிங்கைச் சீராக்கும் அமைப்பில் பழுதிருந்தது, அது எஞ்சினைத் திடீரென்று கொஞ்சம் எகிற வைத்து ஓட்டுபவரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம் என்று. கால் தப்பியது உண்மை. தப்ப வைத்ததில் இயந்திரத்துக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் ஒரு மனிதரை அநியாயமாகக் குற்றம் சாட்டுகிறோம், இல்லையென்றால் பழுதான காரை மறுபடி சாலையில் விடுகிறோம்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரைக் கையில் கொடுத்து, மீட்டரை வைத்து, சூடாக்கியும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ரெண்டுமே இருக்கு, இல்ல தம்பி?" என்றார். "ஆமா மாமா. ஆனா முதல்ல பாய்ஞ்சது கார்தான்." அவர் மகள் பக்கத்தில்தான் இருந்தாள். லைசென்ஸ் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அவள் கேட்டது வேறு. "அத்தான், என் கார்ல கேபிளே கிடையாதே, அதுல என்ன பாக்கிறது?" நியாயமான கேள்வி. இப்போதைய கார்களில் மிதி என்பது மின்சைகை அனுப்பும் கருவி, த்ராட்டிலைத் திறப்பது மோட்டார். மிதியில் இரண்டு சென்சார்கள் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ எஞ்சினை அடக்கி, பி2138 போன்ற எரர் கோட் ஒன்றைப் பதியும். டொயோட்டா விவகாரத்தில் நாசா பொறியாளர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் அறிக்கை தந்தார்கள். பெரிய அளவில் த்ராட்டிலைத் திறக்கும் மின்னணுப் பழுதுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் சில மிதிச் சென்சார்களில் வெள்ளீய முலாமிலிருந்து முடியைவிட மெல்லிய இழைகள் வளர்ந்து ஷார்ட் ஆக்கியிருந்ததைக் கண்டார்கள். 2013 அக்டோபரில் ஓக்லஹோமா நடுவர் குழு, 2005 கேம்ரி விபத்து வழக்கில் மென்பொருள் குறை பற்றிய நிபுணர் சாட்சியத்தைக் கேட்டபின் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அறிவுள்ளவர்களே இரண்டு பக்கமும் நின்ற விஷயம் இது.

அவள் காரில் ஸ்கேனரைப் போட்டு, எஞ்சின் ஓடாமல், மிதியை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே இரண்டு வோல்ட்டேஜையும் பார்த்தோம். அவள் காரில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கடைசிவரை மாறக் கூடாது. வேறு சில கார்களில் ஒன்று மற்றதில் பாதியாகவே வர வேண்டும். வேகமாக மிதித்தால் நடுவில் வரும் துள்ளல் கண்ணுக்குப் படாது, மெதுவாக என்பதுதான் முக்கியம். அவளுடையது சுத்தமாக இருந்தது. விரிப்பு மட்டும் கொக்கியில் மாட்டாமல் கிடந்தது, மாட்டினோம்.

ஞாயிறு காலையில் இருவரையும் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். வெயில் என்பதால் அங்கே யாரும் நிறுத்துவதில்லை. எஞ்சின் எகிறினால் என்ன செய்வது என்று கையும் காலும் பழக வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது பூஸ்டரை இயக்கும் வேக்குவம் எஞ்சினிலிருந்து வராது, சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான். கூடவே கியரை நியூட்ரலான என்-னுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அலறட்டும், சக்கரத்துக்கு விசை போகாது. ஓடும்போது மாமா சாவியை ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்பலாம், கடைசிவரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மகளின் காரில் பட்டன் என்பதால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் கார் அணையாது. அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. மாமாவின் சீட்டை ஒரு படி முன்னால் நகர்த்தி, குதிகாலை பிரேக்குக்கு நேராக ஊன்றி, ரிவர்ஸ் எடுக்கும்போது கால் பிரேக்கிலிருந்து எழாமல் ஊர்ந்தே வரும்படி பழகினார். முதலில் சிரமப்பட்டார், பிறகு வந்துவிட்டது.

பின்பக்க மவுண்டுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வந்ததும் மாற்றிவிட்டு, புதிய கேஸ்கட்டில் கூலன்ட் கசிகிறதா என்று பார்த்து, எஞ்சினைச் சூடாக்கி, ஏர்கான் போட்டு, ரிவர்ஸில் மறுபடி அளக்க வேண்டும்.